ஒரு காதில் தாளம்

அந்த வருஷம் காரைக்காலில் ஆட்டோ நுழைந்த தெருவெல்லாம் என் நாத்தனார் பிரதீபாவின் குரல் கேட்டது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பாத்திரக்கடைத் திறப்பு விழா, பல் ஆஸ்பத்திரி இடம் மாறிய சேதி, எதுவாக இருந்தாலும் ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அவள்தான் பாடிக்கொண்டு போவாள். வரிச்சிக்குடியில் எங்கள் வயலில் களை எடுக்கிற பெண்கள்கூட வரப்பில் உட்கார்ந்து அந்தப் பாத்திரக்கடைப் பாட்டைப் பாடுவார்கள். பாடியவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டு நிற்பாள். அது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. பிரதீபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், பார்வை எங்கேயோ போய்விடும். சொந்தப் பெயர்தான் எல்லாவற்றையும்விட மோசம். ஒரு தடவை பாங்கில் பெயர் கேட்டதற்குப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். ஆனால் பாடும்போது ஒரு எழுத்துகூடத் தடுக்காது. தாளம் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் போதும், வழுக்கிக்கொண்டு வரும். டாக்டர்கள் இதற்கு என்னவோ காரணம் சொல்கிறார்கள். என் மாமியார் மங்கையர்க்கரசி சொல்லும் காரணம், "அவ பேசணும்னு நெனச்சா பேசுவா. எல்லாம் புடிவாதம்."

அந்த வீட்டில் அவள் பேச்சை முடித்து வைப்பதற்கு எப்போதும் மூன்று பேர் தயாராக இருந்தார்கள். அவள் 'எனக்கு' என்று தொடங்கினால் மாமியார் "காபி வேணுமா?" என்பார். பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார் சுவாமிநாதன் "தலைவலியாம்மா?" என்பார். கோட்டுச்சேரியில் உரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் அன்பழகன் "பணமா?" என்பார். மூன்றில் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு அவள் எழுந்து போய்விடுவாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வழக்கம் தெரியாமல் சும்மா காத்திருந்தேன். காத்திருந்தால் அவளே முழுசாகச் சொல்லிவிடுகிறாள். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். அதனால் அவள் என்னோடு ஒட்டிக்கொண்டாள். எனக்கு நல்ல குணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூக்கு நுனியில் கோபம் என்றுதான் பெயர். ஆனாலும் அவளிடம் மட்டும் எனக்குப் பொறுமை வந்தது.

நான் வந்த மறுவருஷம் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து நிச்சயதார்த்தம் வரைக்கும் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள், பாடினாள், அவர்களும் உருகிப்போனார்கள். பேச்சுக் கொடுக்கிறவர்களுக்கெல்லாம் மாமியாரே பதில் சொல்லிவிட்டார். நிச்சயம் ஆன மூன்றாம் நாள் மாப்பிள்ளை போன் போட்டு, விளையாட்டாக, "யாரு பேசுறது?" என்று கேட்டிருக்கிறார். இவள் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். மாமியார் ரிசீவரைப் பிடுங்கி ஏதேதோ சமாளித்தார். ஆனால் விஷயம் கசிந்து தட்டு திரும்பி வந்தது. இதிலிருந்து ஒரு குடும்பம் என்ன பாடம் கற்றுக்கொள்ளும்? அடுத்த தடவை முதலிலேயே சொல்லிவிடலாம் என்றுதானே? எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட பாடம் வேறு. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போன் போடுகிற அளவுக்கு நாள் விடக்கூடாது என்பதுதான் அது.

அதற்குப் பிறகு பிரதீபா பின்கட்டு அறையில் அடைந்துகொண்டாள். அங்கே ஒரு கம்ப்யூட்டரும், அவள் அண்ணன் காலேஜ் காலத்தில் வாங்கி மூலையில் போட்ட ஒரு சின்ன கீபோர்டும், ஒரு மைக்கும் இருந்தன. விளம்பரப் பாட்டு அங்கேதான் பிறந்தது. பாட்டுக்கு நடுவில் விலையையும் முகவரியையும் பேச்சாகச் சொல்லவேண்டிய இடம் வரும். அதைப் பேசிக் கொடுக்க கோட்டுச்சேரியிலிருந்து சுப்பையன் என்கிற மைக்செட்காரர் வருவார். பேசுவதற்கு முன்னால் காறிக் காறிக் கனைப்பார். அவர் பேசி முடிக்கும் வரைக்கும் பிரதீபா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சித்திரையில் அவளுக்கு டிரம் மெஷின் வாங்கும் ஆசை வந்தது. கீபோர்டுக்குள் இருக்கிற தாளம் எல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது, ஜவுளிக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் ஒரே கொட்டு என்று எழுதிக் காட்டினாள். ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படம் படமாகப் பார்த்தாள். புதுசு எதுவும் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. விசாரித்ததில் பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் நூர் அகமது கடையில் பழசு கிடைக்கும் என்று தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வருகிற டேப் ரெக்கார்டர், கேமரா, செண்ட் பாட்டில் எல்லாம் வாங்கி விற்கிற கடை. விளம்பரப் பாட்டில் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள், பேசுவதற்கு நான் கூடப் போனேன்.

நூர் அகமது பாய் மூன்று மெஷின்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். முதலாவது தாம்பாளம் அளவுக்குப் பெரிசு. ரப்பர் பட்டைகளை விரலால் தட்டினால் கடையே அதிர்ந்தது. "கச்சேரி பார்ட்டியெல்லாம் இதத்தான் தேடுறாங்க தங்கச்சி" என்றார். அதன் விலையைக் கேட்டதும் நானே அதை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். இரண்டாவதில் ஒரு திருகு கழன்றிருந்தது. ஆனால் தபேலா, டோலக், உறுமி எல்லாம் அதற்குள் இருந்தன. பாய் ஒரு பொத்தானை அழுத்தினார். திருவிழாவே வந்து கடைக்குள் இறங்கியதுபோல இருந்தது. பேரம் பேசினால் படியும் என்று அவர் முகமே சொன்னது. "இதான்டி" என்று நான் அவள் இடுப்பில் இடித்தேன்.

மூன்றாவதை அவர் சும்மா கணக்குக்கு எடுத்து வைத்திருந்தார். உள்ளங்கை அளவுதான். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீட்டுப் பையன் பாரிசிலிருந்து வந்தபோது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதாம். கூட இருந்த புத்தகம் முழுக்க பிரெஞ்சு. சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. டோலக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பிரதீபா அதைத்தான் கையில் எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பி பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தாள். காதில் மாட்டுகிற ஒயருக்குத் துளை இருக்கிறதா என்று தடவினாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், எவ்வளவு மெதுவாக ஓடும் என்று பார்த்தாள்.

"அது வெளையாட்டுச் சாமான் மாதிரிங்க" என்றார் பாய். "ஒங்க வேலைக்கு அது சரிப்படாது. நம்ம மேல பழி வந்துடும்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை நின்றது. பாய் வழக்கம்போல எல்லோரும் செய்வதைச் செய்தார். "டோலக்கு மெஷின் வேணுமா? வெல கொறைக்கணுமா?" என்று அடுக்கினார். அவள் ஒரு கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். இயர்போனை ஒரு காதில் மாட்டினாள். மெஷினில் எதையோ அழுத்திவிட்டு, சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு பேசினாள்.

"எனக்கு இதுதான் வேணும் பாய். நல்லாப் பாத்துத்தான் எடுத்தேன். பேட்டரி புதுசாப் போட்டுக் கொடுங்க."

ஒவ்வொரு வார்த்தையும் ஒரே இடைவெளியில், படி இறங்குவதுபோல இறங்கி வந்தது. ஒன்றுகூடத் தடுக்கவில்லை. நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், வெளி ஆளிடம் அவள் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. பாய்க்கு ஒன்றும் தெரியவில்லை, பேட்டரி எடுக்கப் போய்விட்டார். நான் அழுதுவிட்டேன். அவள் என் முதுகில் தட்டினாள், அதுவும் தாளத்தில்.

பஸ்ஸில் வரும்போதுதான் முழுக்கதையும் சொன்னாள். கீபோர்டில் தாளத்தை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மாசக்கணக்கில் பேப்பர் படித்துப் பழகியிருக்கிறாள். தாளம் விழுகிற இடத்தில் வார்த்தையைத் தூக்கி வைத்தால் திக்கவில்லை. ஆனால் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் போக முடியுமா? பையில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும். கடைக்குப் போய்த் தானே கேட்டு வாங்க வேண்டும், பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்ல வேண்டும், சுப்பையன் பேசுகிற இடத்தைத் தானே பேச வேண்டும். பாட்டுக்கு எந்த மெஷின் நல்லது என்று அவள் பார்க்கவே இல்லை. பேச்சுக்கு எது நல்லது என்று பார்த்தாள்.

வீட்டில் அண்ணன்காரர் குதித்தார். "டோலக் சத்தம்கூட இல்லாத பொட்டிய எவனாச்சும் காசு கொடுத்து வாங்குவானா? தமிழு, நீ எதுக்குக் கூடப் போன?" என்று என்மேலும் பாய்ந்தார். பிரதீபா இயர்போனை மாட்டிக்கொண்டு, "அண்ணே, கத்தாத. சாப்புட்டுப் பேசு" என்றாள். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமியார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ பேசுடி, இன்னொரு தடவ" என்று அழுதார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். இனிமேல் இந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் நினைத்தேன். மாமியாரும் அதையேதான் நினைத்தார், ஆனால் அவர் மறுநாள் காலையிலேயே தரகர் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

நெடுங்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் அம்பலவாணன், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. உயரமாக, கூச்சத்தோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிரதீபா காபி கொடுத்தாள், விழுந்து கும்பிட்டாள், பாடச் சொன்னதும் பாடினாள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு அதிர்ந்துகூடப் பேசாது போலருக்கே" என்று சந்தோஷப்பட்டார். "எங்க வீட்ல அவ சத்தமே கேக்காதுங்க" என்றார் என் மாமியார். அன்றைக்கு மாமியார் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. கேட்டுக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிச்சயத்தையும் கல்யாணத்தையும் ஒரே மூச்சில் முடிக்கத்தான் எங்கள் வீட்டில் பார்த்தார்கள். மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு நிச்சயமும் ஆயிற்று. ஆனால் அதற்குள் ஆனி முடிந்துவிட்டது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணியில்தான் முகூர்த்தம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். நடுவில் முழுசாக ஒரு ஆடி மாதம் கிடந்தது. மாப்பிள்ளை ஓசூருக்குத் திரும்பிப் போகும்போது, "சாயங்காலம் போன் பண்ணலாங்களா?" என்று என் மாமனாரிடம் மரியாதையாகக் கேட்டார். மாமா திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியார் அசரவில்லை. "தாராளமாப் பண்ணுங்க மாப்ள" என்றார்.

அப்போதுதான் எனக்கு அவர் திட்டம் புரிந்தது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடத்தில் போன் மணி அடிக்கும். அதற்கு முன்னாலேயே பிரதீபாவை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். மடியில் அந்தச் சின்ன மெஷின், இடது காதில் தாளம், வலது காதில் மாப்பிள்ளை. டிவியை அணைத்துவிடுவார்கள். யாரும் இருமக்கூடாது. மாமா ஸ்கூட்டரில் போய் பேட்டரி வாங்கிவந்து ப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார். வாங்கினபோது குதித்த அண்ணன்காரர் அந்தப் பெட்டிக்கு ஒரு தோல் உறைகூடத் தைத்துக் கொண்டுவந்தார். மெஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

மாப்பிள்ளைக்கு அவள் பேசுகிற விதம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிறுத்தி நிதானமாக, பாட்டு மாதிரிப் பேசுகிறாள் என்று தன் அம்மாவிடம் சொன்னாராம். தரகர் வந்து இதைச் சொன்னபோது மாமியார் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு அப்பறம் என்ன பண்ணப்போறீங்க அத்தை?" என்று கேட்டேன். "மணவறையிலயும் காதுல மாட்டிவிடுவீங்களா?"

"ஒனக்கு எப்பவும் எடக்குதான்" என்றார். "தாலி ஏறட்டும். ஏறிட்டா அப்பறம் என்ன செஞ்சுடுவாங்க? ஒண்ணா இருந்து பழகினா எல்லாம் சரியாப் போயிடும்."

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெண் பேசுவதற்காக வாங்கிய பொருளை, அவளை மறைப்பதற்கு எடுத்துக்கொண்டார்கள். கடைக்குப் போகவும் பஸ்ஸில் பேசவும் அவள் ஆசைப்பட்டாளே, அதெல்லாம் நின்றுபோயிற்று. வெளியில் எடுத்துப் போனால் யாராவது பார்த்து நெடுங்காட்டுக்குச் சேதி போய்விடும் என்று மாமியார் தடுத்துவிட்டார். கல்யாண வேலை என்று சொல்லி விளம்பரப் பாட்டும் நின்றது. மெஷின் மாலையில் மட்டும் உறையிலிருந்து வெளியே வரும். பிரதீபா இளைத்துக்கொண்டே போனாள். ஜாக்கெட் தைக்க அளவு எடுத்த தையல்காரி, "என்னம்மா, கல்யாணப் பொண்ணு இப்படிக் கரைஞ்சு போவுது?" என்றாள்.

ஒருநாள் கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். பிரதீபா என்னைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள். மெஷின் இல்லை. அவள் நின்று நின்று சொன்னதை நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேட்டு முடிக்க எனக்கு ஒரு முறம் கீரை ஆயிற்று.

"அண்ணி, அவரு என்ன பேசுறாருன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா? தினம் அரை மணி நேரம் பேசுறியே."

"மெஷின்ல அடுத்த தட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன் அண்ணி. அது போச்சுன்னா வார்த்தை போச்சு. ஒரு காதுல டிக்கு டிக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்போது இன்னொரு காதுல விழுறது மனசுல நிக்க மாட்டேங்குது. அவரு நிறுத்தினதும் 'அப்படியாங்க'ம்பேன். இல்லாட்டி 'சரிங்க'ம்பேன். போன வாரம் ஒரு நாள் அவரு அழுத மாதிரி இருந்துச்சு."

"எதுக்கு அழுதாரு?"

"தெரியல. நான் 'அப்படியாங்க'ன்னேன்."

எனக்குக் கீரை உருவின கை நின்றுவிட்டது. கட்டிக்கொள்ளப் போகிறவன் போனில் அழுதிருக்கிறான், இவள் தாளம் தப்பாமல் அப்படியாங்க என்றிருக்கிறாள். அவனும் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்திருப்பான்.

அன்றைக்கே அவள், மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று தன் அம்மாவிடம் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நான் சண்டைக்குப் போயிருப்பேன். மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. ஒரு தட்டு திரும்பி வந்ததுக்கே ஒங்கப்பா ஆறு மாசம் வெளில தலை காட்டல. இன்னொரு தடவ வந்துச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்டி." பிரதீபா கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மாமாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"நான் மாப்ளகிட்ட சொல்லிடுறேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ சொன்னா நாளைக்கு நெடுங்காட்டுல என்ன பேசுவாங்க தெரியுமா? வந்த மருமவ நாத்தனா வாழ்க்கைய கெடுத்துட்டாம்பாங்க" என்றார். அது உண்மைதான். சொல்லவேண்டியவள் அவள்தான். அவளுக்கோ வாயையும் கட்டியாயிற்று.

ஆடி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பத்திரிகை அடித்து வந்துவிட்டது. அன்றைக்கும் விளக்கு ஏற்றின கையோடு போன் மணி அடித்தது. பிரதீபா எடுத்தாள். வழக்கம்போல ஒரு காதில் இயர்போன், மடியில் மெஷின். மாமியார் எதிரில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார், நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் 'ஆமாங்க', 'அப்படியாங்க' என்று போயிற்று. திடீரென்று அவள் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கி மடியில் போட்டாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அந்தக் காலத்து ரிசீவர், அவர் குரல் எனக்கே கேட்டது. ஓசூரில் வீடு பார்த்திருக்கிறாராம். ஒரு ரூம்தானாம், குழாய் வெளியில் இருக்கிறதாம், ஆனால் ஜன்னல் பக்கத்தில் ஒரு மரம் இருக்கிறதாம்.

"ஒனக்குப் புடிக்குமா, சொல்லு. புடிக்கலேன்னா வேற பாக்குறேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் பேசுறதெல்லாம் நீ கேக்குறியான்னே சில நேரம் எனக்குச் சந்தேகமா இருக்கு பிரதீபா" என்றார்.

அவள் பதில் சொல்லப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் காற்றும், பாதி எழுத்தும்தான் போனுக்குள் போயிருக்கும். அந்தப் பக்கத்தில் அவர், "ஹலோ, ஹலோ" என்றார். "லைன் சரியில்ல போலருக்கு. விட்டு விட்டுக் கேக்குது. வச்சுடு, மறுபடி போடுறேன்."

போன் கட்டாயிற்று. அந்தப் பெண்ணின் சொந்தக் குரலை அவர் முதல் தடவையாகக் கேட்டார், லைன் கோளாறு என்று நினைத்துவிட்டார்.

மாமியார் பூவைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தார். "நல்ல வேளை, நல்ல வேளை. மாட்டுடி. மறுபடி பண்ணுவாரு, மாட்டு" என்று இயர்போனை எடுத்து அவள் காதில் செருகப் பார்த்தார். பிரதீபா தலையைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் மணி அடித்தது. மாமியார் அவள் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைக்க இழுத்தார். அவள் மெதுவாக, முரட்டுத்தனம் இல்லாமல், கையை விடுவித்துக்கொண்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, இப்பக் கேக்குதா?" என்றார் அவர்.

"லைன்" என்றாள். நின்றது. மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அடுக்களை வாசலை விட்டு நகரவில்லை. அவள் அந்த வாக்கியத்தைப் பிடித்த பிடியில் விடாமல் இழுத்துக் கடைசி வரைக்கும் கொண்டுவந்தாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பேச்சு திக்கும். சின்னப் புள்ளைலேருந்து."

பிறகு அவர் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, திகைத்துப்போன குரலில்: "அப்ப, இத்தனை நாளா என்கிட்ட பேசினது யாரு?"

அவள் வாயைத் திறந்து, மூடி, திறந்து, "அதுவும் நான்தான்" என்றாள். அவர் அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காபி குடிக்கும் முன்னே தரகர் வந்துவிட்டார். திக்குவாய் என்பதற்காக இல்லையாம், மறைத்ததற்காகவாம். முதலிலேயே சொல்லியிருந்தால் பையன் ஒத்துக்கொண்டிருப்பான் என்று அவன் அம்மாவே சொன்னாராம். இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லையாம். தரகர் போனதும் மாமா பத்திரிகைக் கட்டைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மாமியார் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, "உன் வாயாலயே கெடுத்துக்கிட்டியேடி, உன் வாயாலயே கெடுத்துக்கிட்டியே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தங்கையை ஏறிட்டுப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார்.

பிரதீபா போன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று அவள் தலையை என் வயிற்றோடு சாய்த்துக்கொண்டேன். சொன்னது சரிதான் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், எனக்கே வார்த்தை வரவில்லை. அவள்தான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று, மூச்சு வாங்கி, சொல்லி முடித்தாள்.

"அவருக்கு நல்ல குரல் அண்ணி. நேத்துதான் கேட்டேன்."